தாயம்மாவுக்கு அடிக்கத் தெரியாது

நவம்பர் 4, திங்கள்

காலையில் சிறுவாணித் தண்ணீர் வந்துவிட்டது. டிரம், அண்டா, குடம், கடைசியில் அம்மாவின் பழைய குக்கர் வரை நிரப்பிவிட்டுக் கிளம்பியதில் ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. நல்லசிவம் அண்ணா ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதலாளி கேட்காமல் விட்டால் வேறு ஏதோ பெரிதாக வருகிறது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

பெங்களூர் கம்பெனியிடமிருந்து மெயில் வந்திருக்கிறது. நாங்கள் செய்யும் ‘மோது’ விளையாட்டை அவர்கள்தான் வெளியிடுவதாகப் பேச்சு. இரண்டு பேர் ஆளுக்கு ஒரு வீரனைத் தேர்ந்தெடுத்து, எதிராளியின் உயிர்க்கோடு தீரும்வரை மோதிக்கொள்ளும் சண்டை வீடியோ கேம். கணபதியில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் நாலு பேர் உட்கார்ந்து இத்தனை நாள் செய்ததில் ஐந்து வீரர்கள் தேறியிருக்கிறார்கள். நான் அவர்களை வரைந்து அசைய வைக்கிறேன். சென்னியப்பன் கோட் எழுதுகிறார். ஷைனி சத்தம் சேர்க்கிறாள். நல்லசிவம் அண்ணா கனவு காண்கிறார், நடுவில் டீ சொல்கிறார்.

மெயிலில் இரண்டு விஷயம். சண்டை கேம் என்று சொன்னால் தேர்வுத் திரையில் குறைந்தது பன்னிரண்டு முகமாவது இருக்க வேண்டுமாம். டிசம்பர் நடுவில் ஒரு மேடம் வந்து பார்ப்பாராம். அடுத்தது, எங்கள் ஐவரில் ஒருத்தி யாரையும் அடிப்பதே இல்லையாம். அப்படிப்பட்டவள் இருந்தால் அது சண்டை கேமே இல்லை, வேறு அலமாரியில் வைக்க வேண்டிய சரக்கு என்று எழுதியிருக்கிறார்கள்.

“அஞ்சு பேர வெச்சுக்கிட்டு சண்டை கேமுன்னு சொல்றது, மூணு ஐட்டத்த வெச்சுக்கிட்டு கல்யாணப் பந்தி போட்டாப்புல இருக்குதாமா” என்றார் அண்ணா. முகம் வாடியிருந்தது. ஆனால் திட்டம் தயாராக இருந்தது. மீதி நாலு பேருக்கும் ஆளுக்கு இரண்டு நகல். கரும்பாலைக் கந்தனுக்குக் கண்ணாடி மாட்டினால் கணக்கு வாத்தியார், காவி கட்டினால் சாமியார். எலும்பும் அசைவும் அதேதான், துணிமணி மட்டும் வேறு. பன்னிரண்டு ஆகிவிடும்.

“தாயம்மா?” என்று கேட்டேன்.

“அவளை எடுத்துப்போடலாம் கோகிலா.”

நான் கத்திவிட்டேன். கீழே லேத் ஓடுகிற சத்தத்தையும் மீறிக் கேட்டிருக்கும்.

நவம்பர் 5, செவ்வாய்

கோபம் இன்னும் தணியவில்லை. அதனால் தாயம்மாவைப் பற்றி எழுதி வைக்கிறேன்.

தாயம்மா பஸ் கண்டக்டர். காக்கிச் சட்டை, தோளில் தோல்பை, வாயில் விசில். அவளுக்கு அடிக்கத் தெரியாது. “உள்ள போங்க, உள்ள போங்க” என்று எதிராளியைத் தள்ளிக்கொண்டே போவாள். ஒரு விசில் ஊதினால் எதிரே வருபவன் கொஞ்சம் நின்றுவிடுவான். இரண்டு விசில் ஊதினால் மேடையே கிளம்புகிற பஸ் மாதிரி ஆடும். அவனை ஓரத்துக்குத் தள்ளிப் படியிலிருந்து இறக்கிவிட்டால் அவளுக்கு வெற்றி. உயிர்க்கோட்டில் ஒரு துளி குறைந்திருக்காது. இறங்கியவன் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

எங்கள் வேலை முறை எளிது. ஒரு வீரனை வரைவதற்கு முன் நாங்களே அவனாக நடித்து போனில் படம் எடுத்துக்கொள்வோம். அந்த அசைவைப் பார்த்து நான் வரைவேன். தாயம்மாவுக்கு நடித்தது சென்னியப்பன். அவருடைய அப்பா பெருந்துறை, காங்கேயம் பக்கம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பாவின் விசிலைக் கொண்டுவந்தார். தோல்பைக்குப் பதிலாக என் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். ஆபீஸில் யூ.பி.எஸ். பேசும் அளவுகூடப் பேசாத மனிதர் அன்று “பெருந்துறை எறங்கறவங்கெல்லாம் முன்னால வாங்கோ!” என்று கூவியதில் ஷைனி சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த விசிலை அவள்தான் பதிவு செய்தாள். இப்போது அது சுவிட்ச் போர்டு பக்கத்து ஆணியில் தொங்குகிறது.

கூட்டத்தில் நுழையும்போது அவர் இடது தோளைக் கொஞ்சம் இறக்கிக்கொள்வார். யார் மேலும் படாமல் போவதற்காக. அதை வரைவதற்கு எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் ஆனது. போனில் மட்டும் பார்த்தால் சரியாக வரவில்லை என்று அவர் டீ எடுக்கப் போகும்போதும் வரும்போதும் கவனித்து வரைந்தேன். நடையைக் கவனிப்பது என் வேலை. அதனால்தான் அவளை எடுக்கச் சொன்னதும் கோபம் வந்தது. உழைப்பு வீணாகிறது என்றால் யாருக்கும் வரும்.

நவம்பர் 8, வெள்ளி

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கீழே பட்டறையில் பூஜை. மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், பூ. அது முடிந்ததும் பொரி கடலைப் பொட்டலத்தோடு ஏழெட்டுப் பேர் மாடிக்கு வந்து எங்கள் விளையாட்டை ஆடிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. எங்கள் பரிசோதனைக்கூடமே இதுதான். கண்ட்ரோலர் எல்லாம் பொரி எண்ணெயும் உப்பும்.

பேக்கிங் பார்க்கும் பத்மாவதி அக்கா தாயம்மாவைத் தவிர யாரையும் தொட மாட்டார். இன்றும் லேத் மாஸ்டர் துரைராஜை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் இறக்கிவிட்டுவிட்டு, “சில்லறை இல்லீனா எறங்கிக்கோ” என்றார். நான் நல்லசிவம் அண்ணாவைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார். சுவரில் அவரே பெயிண்ட் அடித்து எழுதியது இருக்கிறது: ‘மோது, எங்க ஊர் சண்டை கேம்’.

நவம்பர் 9, சனி

மிக்ஸி புகைந்துவிட்டது. அம்மா அம்மிக்கல்லைக் கண்ணால் காட்டினாள். நான் கடைச் சட்னி வாங்கி வந்தேன்.

நவம்பர் 12, செவ்வாய்

கந்தனுக்குக் கண்ணாடி போட்டேன். காவி கட்டினேன். சேவக்கட்டுச் செல்வத்தைப் போலீஸாக்கினேன். சண்டைக்காரர்கள் எல்லோரும் மாறுவேடப் போட்டிக்கு வந்த மாதிரி இருக்கிறார்கள். வேலை வேகமாக நடக்கிறது, அதுதான் எரிச்சல்.

மதியம் ஷைனி டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே, “அக்கா, சென்னி அண்ணனுக்கு ஹைதராபாத்துல இருந்து ஆஃபராம். தெரியுமா?” என்றாள்.

தெரியாது. பெரிய கம்பெனியாம். அவர்கள் செய்யும் சண்டை கேமில் நாற்பதுக்கு மேல் வீரர்களாம், இன்னும் சேர்த்துக்கொண்டே போகிறார்களாம். ஒவ்வொரு வீரனுக்கும் தனித்தனிக் குழு.

நல்ல வேலை. போகட்டும். முன்னேற வேண்டியதுதானே. சாப்பாட்டில் உப்பு போடவில்லை என்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சண்டை பிடித்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது என்கிறாள்.

நவம்பர் 13, புதன்

இன்று அண்ணாவிடம் மறுபடி போய் நின்றேன். கத்தவில்லை. மரியாதையாகவே பேசினேன்.

“அண்ணா, பன்னெண்டு முகம் இருக்கும். ஆனா ஆளு நாலு பேருதான். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை பொரி திங்கறவங்களுக்கும் தெரிஞ்சுபோகும்.”

“மத்த கேமுலயெல்லாம் அப்படித்தானம்மா பண்றாங்க. யாரு கேக்கறா?”

“கேக்கறாங்களோ இல்லையோ. தாயம்மா ஒருத்திதான் வேற மாதிரி. அவளை எடுத்துட்டா நம்ம கேம எதுக்கு வாங்கோணும்?”

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “நான் சின்ன வயசுல இருந்து ஒரு சண்டை கேம் பண்ணோணும்னுதான் கண்ணு ஆசப்பட்டேன். வேற அலமாரியில கொண்டுபோய் வெச்சுட்டாங்கன்னா அது நான் ஆசப்பட்ட கேமே இல்ல. புரியுதா?”

புரிந்தது. அவரே கொஞ்சம் இறங்கி வந்தார். மற்றவர்களுக்கு நகல் வருகிற மாதிரி தாயம்மாவுக்கும் ஒரு ஜோடி வந்தால், வேறு இரண்டு நகலை எடுத்துவிட்டு இவர்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு கணக்கு சரியாக இருக்கும். அந்த ஜோடியாவது ஒரு அடி அடிக்க வேண்டும். மேடம் ஒத்துக்கொள்ளாவிட்டால் தாயம்மா போய்விட வேண்டும், அப்புறம் நான் வாய் திறக்கக் கூடாது.

“என்ன ஜோடி? இன்ஸ்பெக்டரா?” என்று யோசித்தேன்.

அதுவரை திரையைவிட்டுக் கண்ணை எடுக்காத சென்னியப்பன், “டிரைவருங்க” என்றார். மறுபடி திரையைப் பார்த்துக்கொண்டார்.

ஹைதராபாத் பற்றிக் கேட்கலாம் என்று இருந்தேன். கேட்கவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

நகல்களை இன்று பொரிக்கூட்டத்திடம் இறக்கினோம். துரைராஜ் மாஸ்டர் கணக்கு வாத்தியாரை எடுத்து ஒரு குத்து விட்டார். “ஏனுங்க, இது நம்ம கந்தன் தானுங்களே? சட்டைய மாத்திட்டு வந்திருக்கான்” என்றார். அடுத்தவர் சாமியாரை எடுத்தார். “இவனும் கந்தன்தான்!” கல்யாண வீட்டில் ஒரே ஆள் இரண்டு பந்தியில் உட்கார்ந்ததைக் கண்டுபிடித்த சந்தோஷம் எல்லோருக்கும்.

இன்னொரு விஷயமும் கவனித்தேன். ஐந்து முகம் இருந்தபோது வந்ததும் ஆளைத் தட்டி ஆட்டத்துக்குப் போய்விடுவார்கள். இன்று தேர்வுத் திரையிலேயே நின்று இவனா அவனா என்று நகர்த்திக்கொண்டிருந்தார்கள். டீ ஆறிப்போனது. கடைசியில் எடுத்தது பழைய ஆட்களைத்தான்.

அண்ணா இதைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. பார்த்த மாதிரிதான் இருந்தது.

நவம்பர் 26, செவ்வாய்

பல் வலி. டாக்டர் வேர் சிகிச்சை என்றார். இந்த வாரம் அரை நாள்தான் வேலை. டிரைவரை நான் வரைய முடியாது என்று சொல்லி அனுப்பினேன். “பரவாயில்லீங்க, பழைய படங்கள்ல இருந்து நானே அசைவு எடுத்துக்கறேன். நீங்க அப்புறமேலு கலர் மட்டும் பாருங்க” என்று சென்னியப்பனிடமிருந்து மெசேஜ். அதற்குக் கீழே இன்னொன்று: “நாளைக்கு உங்க தெருவுக்குத் தண்ணி.”

அவர் இருப்பது கணபதியில், நாங்கள் சிங்காநல்லூரில். எங்கள் தெரு முறை அவருக்கு எப்படி நினைவிருக்கிறதோ. அவருக்கு எதுவும் மறக்காது. ஆபீஸ் மோட்டாரை அணைப்பது, ஷைனியின் பிறந்தநாள், ஆறு மாதம் முன் நான் சொன்ன ஒரு சின்ன திருத்தம், எல்லாம் நினைவில் இருக்கும். கோட் எழுதுபவர்களுக்கு அப்படி இருக்கும் போல.

நவம்பர் 27, புதன்

தண்ணீர் வந்தது.

டிசம்பர் 3, செவ்வாய்

டிரைவர் வந்துவிட்டாள். ராசாத்தி என்று பெயர் வைத்திருக்கிறார். எலும்புக்கூடு தாயம்மாவுடையது. ஆனால் அசைவு அப்படியே நகல் இல்லை. முன்பு கைவிட்ட ஒரு வீரனுக்காக நான் நடித்த படங்கள் கம்ப்யூட்டரில் கிடந்தன, அதிலிருந்து எடுத்ததாகச் சொன்னார். ஸ்டீயரிங்கை வளைக்கிற மாதிரி சுழன்று ஒரு இடி இடிக்கிறாள். அண்ணா கேட்ட அடி அதுதான். எதிராளி குறுக்கே வந்தால் இடது கையைத் தூக்கி மணிக்கட்டைத் திருப்பி, தாடையை ஒரு வெட்டு வெட்டி ‘என்ன?’ என்று கேட்கிறாள். திமிர் பிடித்தவள். எனக்குப் பிடித்துப்போனது.

காக்கியின் நிறத்தை மட்டும் கொஞ்சம் மாற்றினேன்.

டிசம்பர் 6, வெள்ளி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

பூஜை முடிந்து கூட்டம் வந்தது. பத்மாவதி அக்கா வழக்கம்போல் தாயம்மா. துரைராஜ் மாஸ்டர், “புது டிரைவர் அம்மாவ நான் எடுத்துக்கறேன்” என்றார். ஆட்டம் தொடங்கியது. ராசாத்தி சுழன்று இடித்தாள். தாயம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுபடி இடித்தாள். இடி அவளை ஊடுருவிப் போனது. தாயம்மா தள்ளினாள், ராசாத்தி அசையவில்லை.

விஷயம் இதுதான். ஆட்டத்தில் ஒவ்வொரு வீரனுக்கும் தனித்தனிப் பக்கம் உண்டு. வேறு பக்கத்து ஆள் மேல்தான் அடி விழும். நகல் எடுக்கும்போது அந்தப் பக்கத்தை மாற்றிவிட வேண்டும். ராசாத்திக்கு மாற்றவில்லை. இரண்டு பேரும் ஒரே பக்கமாகிவிட்டார்கள்.

நான் ஆட்டத்தை நிறுத்தப் போனேன். அதற்குள் பத்மாவதி அக்கா எரிச்சலில் இரண்டு விசில் ஊதினார். மேடை ஆடியது. அந்த ஆட்டத்தில் ராசாத்தி முன்னால் ஓடினாள். ஒரு விசில் ஊதினார், ராசாத்தி டக்கென்று நின்றாள்.

“அடங்கொப்பனே, விசிலடிச்சா வண்டி போகுதுடோய்!” என்றார் மாஸ்டர்.

அவ்வளவுதான். அக்கா விசில், மாஸ்டர் வண்டி. ஓரம்வரை போய், நின்று, திரும்பி வந்தார்கள். “காந்திபுரம்! காந்திபுரம்!” என்று பின்னாலிருந்து ஒருவர் கூவினார். “ஏனுங் டிரைவர், ஸ்டாப்பிங்ல நிறுத்த மாட்டீங்களா?” என்று இன்னொருவர். யாரும் ஜெயிக்கவில்லை. யாருக்கும் ஜெயிக்கும் எண்ணமும் இல்லை. அடுத்தடுத்து ஜோடி ஜோடியாக உட்கார்ந்தார்கள். பட்டறை முதலாளி கீழேயிருந்து கூப்பிட்டும் யாரும் இறங்கவில்லை. பொரி தரையெல்லாம் இறைந்து கிடந்தது. இத்தனை நாளில் எங்கள் விளையாட்டை வைத்து இவ்வளவு சிரிப்பை நான் கேட்டதில்லை.

எல்லோரும் போனபின் நல்லசிவம் அண்ணா சென்னியப்பனைப் பார்த்தார். “எப்படிப்பா இது?”

“நகல் எடுக்கறப்ப பக்கத்த மாத்த மறந்துட்டனுங்கண்ணா.”

“சரி பண்ணிப்போடு.”

“இப்பத்திக்குக் கை வெச்சா வேற எங்காவது உடையுமுங்க. மேடம் வந்துட்டுப் போகட்டும்.”

“அப்ப அவங்க ரெண்டு பேரையும் ஒண்ணா எடுத்துக் காட்டாதீங்க, அவ்வளவுதான்” என்றார் அண்ணா.

சின்ன மறதிதான். மனிதர்தானே, மறப்பார்.

டிசம்பர் 8, ஞாயிறு

வெள்ளிக்கிழமை போனில் எடுத்ததை அம்மாவிடம் காட்டினேன். அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். குரலை வைத்தே ஆளைச் சொல்வாள். வீடியோ கேம் என்றால் அவளுக்குத் திரையில் எறும்பு ஊர்வதைப் பார்க்கிற மாதிரி. ஆனால் இதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள்.

“இந்த டிரைவர் நீதான கண்ணு?”

“இல்லம்மா. அது ராசாத்தி.”

“எவளோ ஒருத்தி. ஸ்கூட்டர்ல போறப்ப எவனாச்சும் குறுக்க வந்தா நீ இப்படித்தான கையத் திருப்பிக் கேப்ப? தாடைய வெட்டறதுகூட அப்படியே.”

நான் நடித்த படத்திலிருந்து எடுத்தது, அதனால் அப்படி இருக்கும் என்றேன்.

“நடிச்சயா? நடிக்கறப்ப இந்தக் கையத் திருப்பினயா?”

யோசித்துப் பார்த்தேன். அந்தப் படங்களில் குத்துவதும் உதைப்பதும்தான் உண்டு. கையைத் திருப்பிய ஞாபகம் இல்லை. நான் ஸ்கூட்டரை நிறுத்தும் இடம் ஆபீஸ் ஜன்னலுக்கு நேர் கீழே. தெருவில் தினமும் எவனாவது குறுக்கே வருவான்.

“அந்தக் கண்டக்டர் யாரு?” என்று அம்மா கேட்டாள்.

“கூட வேலை செய்யறவரு.”

“சரி” என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெங்காயம் உரிக்கப் போனாள்.

டிசம்பர் 13, வெள்ளி

பெங்களூர் மேடம் வந்தார். அனுராதா. சேலத்துக்காரராம், தமிழ் நன்றாகப் பேசினார். அண்ணா புதுச் சட்டை. தாயம்மா இருப்பாளா போவாளா என்பது இன்று தெரிந்துவிடும்.

மதியம் முழுக்கப் பார்த்தார். பன்னிரண்டு முகத்தையும் ஒவ்வொன்றாக எடுத்து ஆடினார். நோட்டில் குறித்துக்கொண்டார். மேடம் சாயங்காலம் கிளம்புவார் என்று சொல்லியிருந்தார்கள். இன்று வெள்ளிக்கிழமை என்பதை நாங்கள் எல்லோரும் மறந்துவிட்டோம். பொரி வாசம் வந்தபிறகுதான் உறைத்தது. அதற்குள் அவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள்.

“வாங்கம்மா, புது மேடங்களா? பொரி எடுத்துக்கங்க” என்று பத்மாவதி அக்கா அவர் கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுக் கண்ட்ரோலரை எடுத்தார். மாஸ்டர் இன்னொன்றை எடுத்தார். அண்ணா கண்ணால் சைகை காட்டியது யாருக்கும் தெரியவில்லை. தாயம்மாவும் ராசாத்தியும் மேடையில் வந்து நின்றார்கள்.

“காந்திபுரம்!” என்று யாரோ ஆரம்பித்தார்.

அனுராதா மேடம் முதலில் நின்றுகொண்டு பார்த்தார். அப்புறம் உட்கார்ந்தார். அப்புறம் “நான் ஒரு தடவ விசில் ஊதட்டுங்களா?” என்று கேட்டு வாங்கிக்கொண்டார். பாதி சிரிப்பில் அவருக்குப் பொரி புரையேற, ஷைனி தண்ணீர் கொடுத்தாள்.

கூட்டம் இறங்கியதும் அவர் தெளிவாகப் பேசினார். “சார், மறைக்காம சொல்றேன். இது சண்டை கேம் இல்ல. இந்த ரெண்டு பேரையும் எடுத்துட்டு வேற ரெண்டு நகல் போட்டீங்கன்னா சண்டை அலமாரியில வெக்கறேன். அங்க ஏற்கெனவே நிறைய இருக்கு, அதுல ஒண்ணா இருக்கும். இல்லைனா நகல் எல்லாத்தையும் எடுத்துட்டு, பழைய நாலு பேரும் இவங்க ரெண்டு பேரும், ஆறு பேரோட குடுங்க. கூடி விளையாடற கேமுங்கற அலமாரியில வெக்கறேன். ரெண்டுல எதுன்னாலும் நான் எடுத்துக்கறேன். உங்க இஷ்டம். திங்கக்கிழமை சொல்லுங்க.”

அண்ணா சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். பாவமாக இருந்தது. எனக்கு வேண்டியது அவருக்கு வேண்டியதற்கு நேர் எதிராக வந்து நின்றுவிட்டது. அவரிடம் போய் எதுவும் கேட்க மனம் வரவில்லை.

டிசம்பர் 14, சனி

மிக்ஸி சரியாகி வந்தது. பெரிய சத்தம் போடுகிறது. வேலை எதிலும் மனம் ஓடவில்லை.

டிசம்பர் 16, திங்கள்

அண்ணா வந்ததும் கையில் ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்ட். நேராக ஸ்டூல் போட்டு ஏறி, சுவரில் ‘சண்டை’ என்ற சொல்லின் மேல் பூசினார். எழுத்து மறையும்வரை இன்னொரு முறையும் பூசினார்.

இறங்கி வந்து சொன்னார். “கேம வீட்டுக்கு எடுத்துட்டுப் போனனுங்க. என்ற சம்சாரம் இத்தன வருசத்துல நான் பண்ணுன ஒண்ணத் தொட்டதில்ல. ஞாயித்துக்கிழமை விசில எடுத்தவ, கொழம்பு அடி பிடிக்கற வரைக்கும் எந்திரிக்கல. நான் வண்டி, அவ விசில். கல்யாணமானதுல இருந்து அப்படித்தான்னு வெய்யி.” சிரித்தார். அப்புறம், “வருத்தந்தான். இல்லாம இருக்குமா? ஆனா ஆறு பேரே போதும். எடுத்துப்போடுங்க அந்தக் கண்ணாடி வாத்தியார” என்றார்.

தாயம்மா இருக்கிறாள்.

ஷைனி என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் அழுதேன் என்று அவள் சொல்வது பொய். கொஞ்சம்தான்.

டிசம்பர் 17, செவ்வாய்

காலை முழுவதும் நகல்களை அழித்தேன். போலீஸ் செல்வம் போனான், சாமியார் போனார். மதியம் அண்ணாவும் ஷைனியும் சாப்பிட வெளியே போயிருந்தார்கள். நானும் சென்னியப்பனும்தான். கீழே லேத் நின்றிருந்தது. இனி அந்தப் பிழையைப் பிழை என்று சொல்ல முடியாதே, அதை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும் என்று பேச்சு வந்தது.

“நிஜமாவே மறந்துட்டீங்களா?” என்று கேட்டேன்.

“டிரைவரும் கண்டக்டரும் அடிச்சுக்கிட்டா வண்டி எப்படிங்க போகும்?” என்றார்.

“அண்ணாகிட்ட மறந்துட்டேன்னு சொன்னீங்க.”

“அது... அவரு அடி வேணும்னு கேட்டாரு. ராசாத்தி தாயம்மாவ அடிக்கறத என்னால எழுத முடியலீங்க.” காது சிவந்துவிட்டது. இத்தனை நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

“கையத் திருப்பறது? அது எந்தப் படத்துல இருந்து எடுத்தீங்க?”

“படத்துல இல்லீங்க” என்றார். ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்குக் கீழே என் ஸ்கூட்டர் நின்றுகொண்டிருந்தது.

இதற்கு மேல் இந்த நோட்டில் சுற்றி வளைத்து எழுதுவதில் அர்த்தமில்லை. எனக்கு இவரைப் பிடிக்கும். அந்த மழைக்காலத்திலிருந்தே பிடிக்கும். ஒரு மனிதனின் நடையை அவ்வளவு நாள் வரைந்துவிட்டு அது வேலை மட்டும்தான் என்று எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டாள்.

அதை வாயால் சொல்லியிருக்க வேண்டும். ஊரையே அதட்டுகிற நான், அழித்துவிட்ட நகல்களை மறுபடி எண்ணிக்கொண்டிருந்தேன்.

“ஹைதராபாத்துல பதில் கேக்கறாங்க” என்றார் அவர். குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது. “இன்னைக்குச் சொல்லோணும். நீங்க என்ன சொல்றீங்க? போகட்டுங்களா?”

எழுந்து போனேன். சுவிட்ச் போர்டு பக்கத்து ஆணியிலிருந்து அவர் அப்பாவின் விசிலை எடுத்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் நுழைகிறவர் மாதிரி இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது.

ஒரே ஒரு முறை ஊதினேன்.

டிசம்பர் 18, புதன்

தண்ணீர் வந்தது. நேற்றே மெசேஜ் வந்துவிட்டதால் விடியும் முன் டிரம்மைக் கழுவி வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல் என்றாள் அம்மா. யாரை என்று நான் கேட்கவில்லை.